சிறைக்கான பணம் வகுப்பறைக்கு: கலிபோர்னியாவின் பள்ளி இடைநீக்கக் குறைப்பு நிதி

கலிபோர்னிய மாநிலக் கல்விச் சட்டத் தொகுப்பின் 48900-ஆம் பிரிவு, ஒரு மாணவரை எந்தெந்தக் காரணங்களுக்காகப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யலாம், நிரந்தரமாக நீக்கலாம் என்று வரிசைப்படுத்துகிறது. தாக்குதல், ஆயுதம் வைத்திருத்தல், போதைப்பொருள் விற்றல், திருடுதல் என்று நீளும் அப்பட்டியலில் 'கே' உட்பிரிவு சற்று வேறுபட்டது. பள்ளி நடவடிக்கைகளுக்கு இடையூறு செய்வதும், ஆசிரியர் முதலானோரின் அதிகாரத்துக்கு வேண்டுமென்றே கீழ்ப்படியாதிருப்பதும் அதன்படி குற்றம். தொப்பியைக் கழற்ற மறுத்தது, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தது, பதில் சொல்லும்போது குரல் உயர்ந்தது என எதையும் இதற்குள் அடக்கிவிடலாம். 2011-12 கல்வியாண்டில் அம்மாநிலப் பள்ளிகள் விதித்த ஏறத்தாழ 7 இலட்சம் இடைநீக்கங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை இந்த ஒரே காரணத்தின் பேரில் விதிக்கப்பட்டவை.

அந்த எண்ணிக்கையைக் குறைக்கக் கலிபோர்னியா இரண்டு கருவிகளைக் கையாண்டது. ஒன்று தடைச்சட்டம், மற்றொன்று பொதுநிதி. சட்டத்தைப் பற்றி வழக்கறிஞர்களாகிய நாங்கள் நிறையப் பேசுவோம். நிதியைப் பற்றிப் பேசுவது குறைவு. இக்கட்டுரை பெரும்பாலும் நிதியைப் பற்றியது.

கீழ்ப்படியாமை என்னும் குற்றம்

ரஸ்ஸல் ஸ்கீபா என்ற கல்வி ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இத்துறையில் இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. எந்தக் குற்றங்களுக்காக வெள்ளையின மாணவர்கள் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பப்பட்டார்கள், எந்தக் குற்றங்களுக்காகக் கறுப்பின மாணவர்கள் அனுப்பப்பட்டார்கள் என்று அவர்கள் ஒப்பிட்டனர். வெள்ளையின மாணவர்கள் மீதான புகார்களில் புகைபிடித்தல், பொருள்களைச் சேதப்படுத்துதல் போன்ற, கண்ணால் கண்டு உறுதிசெய்யக்கூடிய செயல்கள் மிகுந்திருந்தன. கறுப்பின மாணவர்கள் மீதான புகார்களில் மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம், மிரட்டும் தோரணை போன்றவை மிகுந்திருந்தன. பின்னவை எல்லாம் பார்ப்பவரின் தீர்ப்பைச் சார்ந்தவை. உடைந்த சன்னலுக்குச் சாட்சியம் உண்டு. மரியாதைக் குறைவுக்கு ஆசிரியரின் மனத்தைத் தவிர வேறு சாட்சியம் இல்லை.

சேரியிலிருந்து பள்ளிக்குச் சென்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 'திமிர்' என்ற சொல் யாருடைய நிமிர்ந்த தலைக்கு வழங்கப்படுகிறது என்பது நமக்குத் தெரியும். சாதியும் இனமும் ஒன்றல்ல. ஆனால் வரையறை இல்லாத குற்றமொன்றை அதிகாரத்தின் கையில் கொடுத்தால் அது எந்த உடலைத் தேடிச் செல்லும் என்பதில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

அமெரிக்கக் கூட்டரசின் கல்வித் துறை 2014-இல் வெளியிட்ட குடிமை உரிமைத் தரவுகளின்படி, 2011-12-இல் வெள்ளையின மாணவர்களில் 5 விழுக்காட்டினரும் கறுப்பின மாணவர்களில் 16 விழுக்காட்டினரும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். மழலையர் பள்ளிகளில் கறுப்பினக் குழந்தைகள் 18 விழுக்காட்டினர். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பள்ளியைவிட்டு இடைநீக்கம் செய்யப்பட்ட மழலையரில் அவர்கள் 48 விழுக்காட்டினர். நான்கு வயதுக் குழந்தையின் 'கீழ்ப்படியாமை' என்ன என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வெளியேற்றத்துக்கும் பணம் கொடுத்தார்கள்

இந்நிலை தானாக வந்ததன்று. 1971-இல் ஒகையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், மாணவர் கொந்தளிப்பின்போது எவ்வித விசாரணையுமின்றி இடைநீக்கம் செய்யப்பட்ட மாணவர்கள் வழக்குத் தொடுத்தனர். 'காஸ் எதிர் லோபஸ்' என்ற அவ்வழக்கில் 1975-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 10 நாள்கள் வரையிலான இடைநீக்கத்துக்கும் முன்னறிவிப்பும் தன் தரப்பைக் கூறும் வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்று 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. முக்கியமான தீர்ப்புதான். ஆனால் அது நடைமுறையைக் கட்டுப்படுத்தியது, எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தவில்லை. இரண்டு நிமிட 'விசாரணை' முடிந்ததும் பையன் வீட்டுக்கு அனுப்பப்பட்டான்.

பின்னர் 1994-இல் கூட்டரசு இயற்றிய துப்பாக்கியற்ற பள்ளிகள் சட்டம் வந்தது. பள்ளிக்குத் துப்பாக்கி கொண்டுவரும் மாணவரைக் குறைந்தது ஓராண்டு நீக்கும் சட்டம் இயற்றாத மாநிலத்துக்குக் கூட்டரசின் கல்வி நிதி கிடையாது என்றது அது. துப்பாக்கிக்கு எதிரான அக்கறையை யாரும் குறைகூற முடியாது. ஆனால் 'சிறிதும் பொறுத்துக்கொள்ளோம்' என்ற அந்த மனநிலை துப்பாக்கியோடு நிற்கவில்லை. பேனாக்கத்திக்கும் கைகலப்புக்கும் எதிர்ப்பேச்சுக்கும் பரவியது. டெக்சாஸ் மாநிலத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் மாணவர்களைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஆய்வில், 7-ஆம் வகுப்புக்கும் 12-ஆம் வகுப்புக்கும் இடையில் கிட்டத்தட்ட 60 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இடைநீக்கமோ நீக்கமோ செய்யப்பட்டிருந்தனர். அந்நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாக்கியவை வெறும் 3 விழுக்காடு. எஞ்சியவை அனைத்தும் பள்ளி அதிகாரிகளின் விருப்புரிமையில் நடந்தவை.

ஆக, பொதுநிதி இக்கதையில் பிற்காலத்தில் நுழைந்த மீட்பர் அல்ல. மாணவர்களை வெளியேற்றும் கொள்கைக்கும் அதே நிதிதான் நிபந்தனையாகப் பயன்பட்டது.

நிதி வந்த இரண்டு வழிகள்

2013-இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் காலத்தில் கலிபோர்னியா தன் பள்ளி நிதிமுறையையே மாற்றியது. உள்ளூர்க் கட்டுப்பாட்டு நிதி வாய்பாடு என்பது அதன் பெயர். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அடிப்படைத் தொகை. வறிய குடும்பத்துப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள் ஆகியோருக்கு அத்தொகையில் 20 விழுக்காடு கூடுதல். இத்தகைய மாணவர்கள் 55 விழுக்காட்டைத் தாண்டும் மாவட்டங்களுக்கு மேலும் ஒரு செறிவு நிதி உண்டு. 1996-இல் நிறைவேறிய முன்மொழிவு 209 பொதுக்கல்வியில் இன அடிப்படையிலான முன்னுரிமையைத் தடைசெய்துவிட்டதால், கறுப்பின மாணவர் என்ற பெயரில் நிதி ஒதுக்க அம்மாநிலச் சட்டத்தில் இடமில்லை. பொருளாதார அளவுகோல் வழியாகச் சுற்றிவளைத்தே அவர்களை அடைய வேண்டியிருக்கிறது. 'சாதி பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுங்கள்' என்று நமக்கு அறிவுரை கூறுவோர் இந்த அனுபவத்தின் முடிவையும் படிப்பது நல்லது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்நிதியைப் பெறும் ஒவ்வொரு கல்வி மாவட்டமும் ஒரு பொறுப்புடைமைத் திட்டத்தை வகுத்து வெளியிட வேண்டும். அத்திட்டம் எட்டு மாநில முன்னுரிமைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவற்றுள் ஒன்று பள்ளிச் சூழல். அதன் அளவுகோல்களில் இடைநீக்க விகிதமும் நீக்க விகிதமும் இடம்பெறுகின்றன. எந்தப் பிரிவு மாணவர் எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்பதைப் பள்ளிவாரியாக எவரும் இணையத்தில் பார்க்கலாம். என் பார்வையில், தொகையைவிடப் பெரிய மாற்றம் இதுவே.

இரண்டாவது வழி இன்னும் சுவையானது. 2014 நவம்பரில் வாக்காளர்கள் முன்மொழிவு 47-ஐ நிறைவேற்றினர். சிறு திருட்டு, சொந்தப் பயன்பாட்டுக்கான போதைப்பொருள் வைத்திருத்தல் போன்றவை கடுங்குற்ற நிலையிலிருந்து சிறுகுற்றமாகக் குறைக்கப்பட்டன. சிறையில் ஆள் குறைவதால் மிச்சமாகும் பணம் ஆண்டுதோறும் கணக்கிடப்பட்டு ஒரு தனி நிதியத்துக்குச் செல்லும். அதில் 65 விழுக்காடு மனநல, போதைமீட்புச் சிகிச்சைகளுக்கு. 10 விழுக்காடு குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கு. 25 விழுக்காடு மாணவர்களைப் பள்ளியிலேயே தக்கவைக்கும் பணிகளுக்கு. அந்த 25 விழுக்காட்டைப் பங்கிட 2016-இல் ஒரு மானியத் திட்டம் சட்டமாக்கப்பட்டது. தண்டனை சாராத முறைகளால் மாணவர்களைத் தக்கவைப்பதே அதன் நோக்கம். பள்ளியிலிருந்து சிறைக்குப் போகும் பாதை என்று அங்குள்ள செயற்பாட்டாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்ததை, இச்சட்டம் வரவுசெலவுத் திட்டத்தில் எதிர்த்திசையில் எழுதியது எனலாம்.

தடைச்சட்டம் இதற்கு இணையாகப் படிப்படியாக வளர்ந்தது. 2013 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் கல்வி மாவட்டம் கீழ்ப்படியாமைக்கான இடைநீக்கத்தைக் கைவிட்டது. 2015 முதல் மாநிலம் முழுவதும் 3-ஆம் வகுப்பு வரையும், 2020 முதல் 8-ஆம் வகுப்பு வரையும், 2024 சூலை முதல் 12-ஆம் வகுப்பு வரையும் அது தடைசெய்யப்பட்டது. மேல்வகுப்புகளுக்கான தடை 2029 வரை மட்டுமே நீடிக்கும். ஒரு மாணவரைத் தம் வகுப்பிலிருந்து தற்காலிகமாக வெளியே அனுப்பும் அதிகாரம் ஆசிரியருக்கு இன்றும் உண்டு.

பணம் எதை வாங்குகிறது

இடைநீக்கம் செலவற்ற தண்டனை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு படிவம், ஒரு கையெழுத்து, ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கு மாற்றாகச் சொல்லப்படும் எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆற்றுப்படுத்துநர், சமூகப்பணியாளர், செவிலியர், பயிற்சிபெற்ற ஆசிரியர் ஆகியோரே அந்தப் பணத்தின் பெரும்பகுதி.

சீரமைப்பு நீதி என்ற முறையைப் பாருங்கள். சண்டையிட்டவர், அடிபட்டவர், பார்த்தவர் அனைவரும் பயிற்சிபெற்ற ஒருவரின் முன்னிலையில் வட்டமாக அமர்ந்து, நடந்தது என்ன, யாருக்கு என்ன இழப்பு, அதை எப்படிச் சரிசெய்வது என்று பேசி முடிவெடுப்பது அது. நம் ஊர்ப் பஞ்சாயத்தை நினைவூட்டுகிறதே என்று வாசகர் ஐயுறலாம், ஐயம் நியாயமானது. வலியவர் நடுவராக அமர்ந்தால் அதுவும் கட்டப்பஞ்சாயத்தாகிவிடும். நடுவர் யார், அவருக்கு என்ன பயிற்சி என்பதில்தான் அம்முறையின் உயிர் இருக்கிறது. ஓக்லண்ட் நகரின் கோல் நடுநிலைப் பள்ளியில் இம்முறை கொண்டுவரப்பட்ட பின் இடைநீக்கங்கள் 87 விழுக்காடு குறைந்ததாகப் பெர்க்கலி சட்டப் பள்ளியின் 2010-ஆம் ஆண்டு ஆய்வு பதிவுசெய்தது. ஒரு சிறு பள்ளியின் கணக்கு அது. மாநிலத்துக்கே பொருத்திவிடக் கூடாது.

லாஸ் ஏஞ்சலஸில் நடந்தது வேறு. தடை முதலில் வந்தது. பயிற்சியும் பணியாளர்களும் பிறகு, மெதுவாக வந்தனர். இடையில் சிக்கிய ஆசிரியர்கள், வகுப்பை நடத்த முடியவில்லை என்று குமுறினர். அவர்கள் எல்லாரையும் இனவெறியர் என்று தள்ளிவிட முடியாது. நாற்பது பிள்ளைகளோடு தனியே விடப்பட்டவரின் குரல் அது. பணமில்லாத தடை, ஆசிரியரையும் மாணவரையும் எதிரெதிரே நிறுத்திவிடுகிறது.

திசைதிரும்பிய நிதி

நம் வாசகர்களுக்கு மிகவும் பழகிய அத்தியாயம் இது. பிரெஸ்னோ கல்வி மாவட்டம், வறிய மாணவர்களுக்கென வந்த கூடுதல் நிதியிலிருந்து, துப்பாக்கிச் சத்தம் எங்கே எழுகிறது என்று கண்டறிந்து காவல்துறைக்குச் சொல்லும் கருவிக்குப் பணம் ஒதுக்கியது. குடிமை உரிமை அமைப்பினர் முறையிட்டனர். அச்செலவு அம்மாணவர்களுக்கு எவ்வாறு முதன்மையாகப் பயன்படுகிறது என்று மாவட்டம் நியாயப்படுத்தவில்லை என மாநிலக் கல்வித் துறை 2017-இல் கண்டறிந்தது. லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டமோ, ஏற்கெனவே செய்துவந்த சிறப்புக் கல்விச் செலவையே புதிய நிதியின் கணக்கில் காட்டியது. அதன் மீதான வழக்கு 2017-இல் சமரசத்தில் முடிந்து, 50 பள்ளிகளுக்குச் சுமார் 15 கோடி டாலர் கூடுதலாகச் செலவிட மாவட்டம் ஒப்புக்கொண்டது. பொதுச்செலவையெல்லாம் துணைத்திட்டக் கணக்கில் காட்டும் கலையைச் சென்னைத் தலைமைச் செயலகம் மட்டும்தான் அறியும் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

இந்த முறையீடுகளும் வழக்குகளும் எப்படிச் சாத்தியமாயின? எந்தத் தொகை எந்தச் செயலுக்கு என்று வெளியிடப்பட்ட திட்ட ஆவணம் பெற்றோரின் கையில் இருந்தது. அதனாலேயே சாத்தியமாயின.

குறைந்ததும் குறையாததும்

2018-19-க்குள் கலிபோர்னியாவின் மொத்த இடைநீக்கங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பல இலட்சம் பிள்ளைகளின் பள்ளி நாள்கள் திரும்பக் கிடைத்தன என்பது இதன் பொருள். ஆனால் 2017-18-இல் மாநிலச் சராசரி இடைநீக்க விகிதம் 3.5 விழுக்காடாக இருந்தபோது கறுப்பின மாணவர்களின் விகிதம் 9.4. எல்லாருக்கும் குறைந்தது, இடைவெளி நின்றது. பொருளாதார அளவுகோலில் வழங்கப்பட்ட நிதி, இனத்தின் கணக்கைத் தீர்க்கவில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் அரசு நிதி, பெயர் பதிந்தோர் எண்ணிக்கைக்கு அன்றி, நாள்தோறும் வருகை தருவோரின் சராசரிக்கே கணக்கிடப்படுகிறது. மாணவரை வீட்டுக்கு அனுப்பும் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கே இழப்பு. அப்படியிருந்தும் ஒரு காலத்தில் ஆண்டுக்கு 7 இலட்சம் முறை அனுப்பினார்கள். தன் பணத்தையே இழந்தும் விடாத பழக்கத்துக்குப் பெயர் நிர்வாகக் கோளாறு அன்று.

எண்ணிக்கையில் ஏறாத வெளியேற்றங்களும் உண்டு. 'இன்று பிள்ளையைச் சீக்கிரம் அழைத்துப்போங்கள்' என்ற அழைப்பும், மாற்றுப் பள்ளிக்குத் 'தன்விருப்ப' மாறுதலும் இடைநீக்கமாகப் பதிவாகா. கெர்ன் உயர்நிலைப் பள்ளி மாவட்டத்தின் மீது கறுப்பின, லத்தீன் இனப் பெற்றோரும் டோலரஸ் உவெர்ட்டா அறக்கட்டளையும் பிறரும் 2014-இல் தொடுத்த பாகுபாட்டு வழக்கில் இத்தகைய மாறுதல்களும் குற்றச்சாட்டாக இருந்தன. 2017-இல் அது சமரசமானது. பென்சில்வேனியாவின் பிட்ஸ்பர்க் நகரில் ராண்ட் நிறுவனம் 44 பள்ளிகளில் நடத்திய ஆய்வு 2018-இல் மற்றோர் எச்சரிக்கையைத் தந்தது. சீரமைப்பு முறையால் இடைநீக்கமும் இன இடைவெளியும் குறைந்தன. ஆனால் நடுநிலை வகுப்புகளில் கற்றல் அடைவு சரிந்தது. இதை மறைத்துப் பேசுவது நமக்கு நன்மை செய்யாது.

நிதியின் ஆயுளும் குறுகியது. 2019 மார்ச்சில் ஓக்லண்ட் கல்விக் குழு 2 கோடி டாலருக்கு மேல் செலவைக் குறைத்தபோது, நாடே பாராட்டிய சீரமைப்பு நீதித் திட்டமும் வெட்டுப் பட்டியலில் இருந்தது. மாணவர்கள் எதிர்த்துக் குரலெழுப்பினர். அடுத்த ஆண்டு, ஜார்ஜ் பிளாய்டு கொல்லப்பட்ட பின், அதே குழு தன் பள்ளிக் காவல் துறையையே கலைத்தது. லாஸ் ஏஞ்சலஸ் தன் பள்ளிக் காவல் செலவில் 2.5 கோடி டாலரைக் குறைத்து, கறுப்பின மாணவர் முன்னேற்றத் திட்டத்துக்குத் திருப்பியது. 2024 நவம்பரிலோ வாக்காளர்கள் முன்மொழிவு 36-ஐ நிறைவேற்றி, முன்மொழிவு 47-இன் ஒரு பகுதியைப் பின்வாங்கினர். சிறையில் ஆள் கூடினால் மிச்சம் குறையும். மிச்சம் குறைந்தால் பள்ளிக்கு வரும் மானியமும் குறையும். கூட்டரசும் 2014-இல் தந்த பாகுபாடற்ற ஒழுங்குமுறை வழிகாட்டுதலை 2018-இல் திரும்பப் பெற்றது. 2025 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் அதற்கு நேரெதிரான ஆணையைப் பிறப்பித்தார்.

நம் சட்டமும் நம் பணமும்

இந்தியாவில் நிலை தலைகீழானது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 16-ஆம் பிரிவு, தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. 5, 8-ஆம் வகுப்புகளில் மாணவரை அதே வகுப்பில் நிறுத்திவைக்க இடமளித்த 2019 திருத்தமும் இந்தத் தடையைத் தொடவில்லை. கலிபோர்னியாவைவிடக் கண்டிப்பான சட்டம்! 9-ஆம் வகுப்பில் காலடி வைத்ததும் அது முடிந்துவிடுகிறது என்பது ஒரு குறை. நீக்கத்துக்கு மாற்றாக என்ன செய்வது, அதற்கு யார் சம்பளம் தருவது என்று ஒரு வரியும் இல்லாதது மற்றொரு குறை. எனவே நம் பள்ளிகள் நீக்குவதில்லை. மாற்றுச் சான்றிதழ் கொடுக்கின்றன.

அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றிலிருந்து வெளியே அனுப்பப்பட்ட 9-ஆம் வகுப்பு மாணவனுக்காக நான் மனு தயாரித்தபோது, என் முன் இருந்த ஒரே ஆவணம் அந்தச் சான்றிதழ். ஒழுக்கமும் பண்பும்: நன்று. சான்றிதழ் கோரி விண்ணப்பித்த நாள் என்ற இடத்தில் ஒரு தேதி. அதாவது, தாயே கேட்டு வாங்கிச் சென்றதாகத் தாள் சொல்கிறது. 'இங்கே கையெழுத்துப் போடம்மா, இல்லையென்றால் போலீசுக்குப் போகும்' என்று சொல்லப்பட்டதைத் தாள் சொல்லவில்லை. அநீதியை நிறுவுவதற்கு முன், நீக்கம் என்ற ஒன்று நடந்ததையே நான் நிறுவ வேண்டியிருந்தது. மனு பட்டியலுக்கு வருவதற்குள் அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது.

2022 மே மாதம், ஆசிரியரிடம் ஒழுங்கீனமாக நடக்கும் மாணவர்கள் நிரந்தரமாக நீக்கப்படுவார்கள், காரணம் சான்றிதழில் குறிப்பிடப்படும் என்று சட்டப்பேரவையில் அமைச்சர் அறிவித்தார். நாங்குநேரி வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கை வேறு திசையில் சிந்தித்தது. பெரிய பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் பணியிடம் உருவாக்கப்பட வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அது ஒரு சம்பளச் செலவு. அதே 2024-இல் தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமும் இயற்றப்பட்டு, மக்கள்தொகை விகிதத்தில் நிதி ஒதுக்குவது சட்டக் கடமையாகியிருக்கிறது. பரிந்துரையும் நிதிக்கான சட்டமும் ஒரே ஆண்டில் வந்தவை. இரண்டையும் ஒரே கோரிக்கையில் வைப்பதற்குத் தடையேதும் இல்லை.

ஆனால் முதலில் எண்ணிக்கை வேண்டும். இந்திய அரசின் பள்ளித் தகவல் திரட்டில் இடைநிற்றல் சமூகப் பிரிவுவாரியாக வருகிறது. நீக்கம் என்ற தலைப்பு இல்லை. தமிழ்நாட்டின் கல்வி மேலாண்மைத் தகவல் அமைப்பில், மாற்றுச் சான்றிதழ் வழங்கப்பட்ட மாணவரின் பெயர் வேறு பள்ளி சேர்த்துக்கொள்ளும்வரை பொதுத் தொகுப்பில் நிற்கும். கல்வியாண்டின் நடுவில், சூலைக்கும் மார்ச்சுக்கும் இடையில், 9 முதல் 12 வரையிலான வகுப்புகளிலிருந்து எத்தனை பேர் அத்தொகுப்புக்குள் சென்றனர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர், 30 நாள்களுக்கு மேல் அங்கேயே நின்றவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் முதன்மைக் கல்வி அலுவலரிடம் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய்.